சொல்லாமல் மாற்றிய கிளச்: ஒரு பட்டறை பில் வழக்கின் ஆய்வு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வசிக்கும் சரக்கு வண்டிக்காரர் ஒருவர், பொள்ளாச்சிப் பட்டறை ஒன்று தமக்குப் போட்ட ரூ.32,800 பில்லில் ஒரு பகுதியை எதிர்த்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தொடுத்த வழக்கைப் பற்றியது இந்தக் குறிப்பு. அவருடைய மனுவையும் ஆவணங்களையும் ஒழுங்குபடுத்த உதவியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இரு தரப்பினரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, வழக்கு எங்கே நின்றது, எங்கே சரிந்தது என்பதை மட்டும் பார்க்கிறேன். பட்டறை பில் வழக்குகளில் ‘தொகை அதிகம்’ என்ற வாதம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. ‘கேட்காமல் செய்தார்கள்’ என்ற வாதம், அதற்குத் தாள் இருந்தால், எடுபடுகிறது. இந்த வழக்கும் அந்த வழியிலேயே போனது.

மேலை நாடுகள் சிலவற்றில் இத்தகைய தகராறுகளுக்கென்றே சிறு தொகை நீதிமன்றங்கள் உண்டு. நம் பக்கத்தில் சென்னையில் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சிறுவழக்கு நீதிமன்றம் இருக்கிறது என்றாலும், வண்டி ரிப்பேர் பில்லைத் தூக்கிக்கொண்டு வருகிற சாதாரண ஆளுக்கு இன்று நடைமுறையில் உதவுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மாவட்ட ஆணையம்தான். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வண்டியும் பில்லும்

சித்தூர் வட்டம் பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-இல் கேரள மாநிலம் அமைந்தபோது அதற்குள் வந்தது. ஆனாலும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி பொள்ளாச்சியோடும் கோவையோடும்தான் நடக்கிறது. வண்டிக்குக் கே.எல்.70 பதிவெண் இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸும் மெக்கானிக்கும் தமிழ்நாட்டில் இருப்பார்கள். இதில் யாருக்கும் விசித்திரம் தோன்றுவதில்லை, தகராறு வந்து ‘எந்த மாநிலத்தில் வழக்குப் போடுவது’ என்று யோசிக்கும் வரையில்.

புகார்தாரரின் வண்டி, ஊரில் குட்டியானை என்று சொல்லப்படும் சிறிய டீசல் சரக்கு வண்டி. வேலந்தாவளம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவது அவர் பிழைப்பு. வெப்பமுள் அடிக்கடி சிவப்புக்குப் போவதும், ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதும், சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதுமாக இருந்ததால் பொள்ளாச்சிப் பட்டறையில் வண்டியை விட்டார். மறுநாள் பட்டறை உரிமையாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது: “ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்ண்ணா. ஃபேசிங், கூலி எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரத்துக்குள்ள முடிச்சுக் குடுத்தர்றேனுங்க.” ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி, கேஸ்கெட் அதற்கடியில் வைக்கும் அடைப்புத் தகடு, ஃபேசிங் என்பது ஹெட்டின் அடிமுகத்தைக் கடைந்து சமப்படுத்துவது. இவர் ‘சரி, செய்யுங்க’ என்று எழுத்தில் பதில் அனுப்பினார். வழக்கின் முதுகெலும்பாக அமைந்தது இந்தச் சிறிய பரிமாற்றம். வண்டியை விடும்போது பட்டறை வேலையைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் ‘ஓவர் ஹீட், ஹெட் வேலை’ என்று கையால் எழுதியிருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. அதை வண்டி விட்ட அன்றே அவர் செல்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார்.

நான்கு நாள் என்று சொன்ன வேலை பத்து நாளுக்கு மேல் இழுத்தது. பில் வந்தபோது ஹெட் வேலை, கேஸ்கெட் செட், ஆயில், கூலன்ட், கூலி ஆகியவை சேர்ந்து ரூ.17,900, வாட்டர் பம்ப் ரூ.2,450; கிளச் செட் ரூ.6,900, அதை மாற்றக் கூலி ரூ.2,600; ரேடியேட்டர் சுத்தம் செய்ய ரூ.1,200, ‘மற்றவை’ என்று ஒரே வரியில் ரூ.1,750. ஆக மொத்தம் ரூ.32,800, அதாவது சொன்ன தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

முதலில் கொடுக்கப்பட்டது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட, ஜி.எஸ்.டி. எண் இல்லாத துண்டுச் சீட்டு. வரி பில் வேண்டும் என்று அவர் விடாமல் கேட்ட பிறகே, 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு முறையான பில் கிடைத்தது. துண்டுச் சீட்டோடு திரும்பியிருந்தால், இவர் கொடுத்த பணம் எந்தெந்த இனத்துக்கு என்று காட்டவே வழி இருந்திருக்காது. செய்த சேவைக்குப் பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது. பட்டறைக்காரர் சட்டத்துக்குப் பயந்து பில் கொடுத்தாரா, வாடிக்கையாளரின் நச்சரிப்பு தாங்காமல் கொடுத்தாரா என்பது வேறு விஷயம்.

முழுப் பணத்தையும் கட்டாமல் வண்டி நகராது என்று பட்டறை சொன்னது. இதில் பலருக்கும் கோபம் வருகிறது, ஆனால் சட்டம் இந்த இடத்தில் பட்டறையின் பக்கமே சாய்ந்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170-இன்படி, ஒரு பொருளின் மீது உழைப்பையும் திறமையையும் செலுத்தி வேலை செய்தவர், அந்த வேலைக்குரிய நியாயமான கூலி வரும்வரை, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அந்தப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பழைய பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் பொது உரிமை அவருக்குக் கிடையாது. இந்த வேலைக்குரியது மட்டுமே. வண்டி நின்றால் வருமானமும் நிற்கும் என்பதால், சண்டையிட்டு வண்டியை அங்கேயே விட்டுவருவதைவிடப் பணத்தைக் கட்டி ஆட்சேபத்தைப் பதிவு செய்வதே தக்க வழி. நம்மவர் கூகுள் பேயில் பணத்தை அனுப்பிவிட்டு, பில்லின் நகலில் ‘கிளச், மற்றவை, வாட்டர் பம்ப் விலை ஆகியவற்றுக்கு ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது’ என்று எழுதி, அதைப் படம் எடுத்து அன்று மாலையே பட்டறை எண்ணுக்கு அனுப்பினார். கழற்றிய பழைய கிளச்சைக் கேட்டபோது, பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்குப் போய்விட்டது என்றார்கள்.

எதைக் கேட்பது, எதை விடுவது

மனு எழுத உட்கார்ந்தபோது அவர் பில் முழுவதையும் எதிர்க்க நினைத்தார். இங்கேதான் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கூலி நியாயமா, அதிகமா என்று விலை நிர்ணயம் செய்வது ஆணையத்தின் வேலையன்று. எந்த விலை மீறலைப் புகாராக ஏற்கலாம் என்பதைப் பிரிவு 2(6) நான்காகச் சொல்கிறது: சட்டப்படி நிர்ணயித்த விலை, பொருளின் மீதோ அதன் பொட்டலத்தின் மீதோ அச்சிட்ட விலை, கடையில் மாட்டிய விலைப் பட்டியலில் உள்ள விலை, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலை. இந்த நான்கில் ஒன்றைத் தாண்டி வாங்கியிருந்தால்தான் ‘அதிகம் வாங்கினார்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் உண்டு. பக்கத்துப் பட்டறையில் குறைவாகச் செய்வார்கள் என்பது இதற்குள் வராது.

அந்தச் சல்லடையில் போட்டுப் பார்த்தபோது, ஹெட் வேலைக்குச் சொன்ன ரூ.16,000-க்கும் பில்லில் உள்ள ரூ.17,900-க்கும் இடையிலான ரூ.1,900 வித்தியாசத்தை விட்டுவிடலாம் என்று பட்டது. ஹெட்டைக் கழற்றும்போது எஞ்சின் ஆயிலை மாற்றியாக வேண்டும். குரல் செய்தியில் ஆயிலைப் பற்றிப் பேச்சில்லை. அந்தத் தொகைக்காக வாதாடினால் மற்ற இனங்களின் வலுவும் குறையும். ரேடியேட்டர் சுத்தம் செய்த ரூ.1,200-ஐயும் எதிர்க்கவில்லை. வெப்பப் பிரச்சினைக்கு வந்த வண்டியில் அது இயல்பான வேலை.

வாட்டர் பம்ப் விஷயம் வேறு மாதிரி. “என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டுக் கேட்கவில்லை” என்று அவர் உறுதியாகச் சொன்னார். மனுவில் அப்படியே எழுதுவதற்கு முன், செல்பேசியின் அழைப்புப் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். வண்டி பட்டறையில் இருந்த நாட்களில் பட்டறை எண்ணிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் நீண்ட ஓர் அழைப்பு இருந்தது. யோசித்த பிறகு, பம்ப் ஒழுகுகிறது, மாற்றலாமா என்று கேட்டதும், தான் சரி என்று சொன்னதும் அவருக்கு நினைவு வந்தன. ‘யாரும் கூப்பிடவில்லை’ என்று பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தால், அந்த ஒரு வரியைப் பொய்யென்று காட்டுவதே எதிர்தரப்புக்குப் போதுமாயிருந்திருக்கும். ஆகவே அழைப்பு வந்ததையும், அதில் பம்ப்பை மட்டும் பேசியதையும் மனுவிலேயே எழுதினோம். பம்ப்பை மாற்றியதை ஏற்றுக்கொண்டு, அதன் பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை ரூ.1,980 இருக்க ரூ.2,450 வாங்கிய ரூ.470 மட்டும் புகாரில் சேர்ந்தது. பெட்டி வண்டியின் இருக்கைக்குப் பின்னால் கிடந்தது அதிர்ஷ்டம்.

ஆக, திரும்பக் கேட்ட பில் தொகை கிளச் ரூ.9,500, மற்றவை ரூ.1,750, பம்ப் விலை மீறல் ரூ.470, மொத்தம் ரூ.11,720. இதோடு பின்னர் வேறிடத்தில் மாற்றிய ரேடியேட்டருக்கு ரூ.8,200, வருமான இழப்புக்கு ரூ.25,000, மன உளைச்சலுக்கு ரூ.20,000 என்று அவர் விருப்பப்படி சேர்த்தோம். கடைசி மூன்றும் என் கருத்தில் பலவீனமானவை என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

எந்த ஆணையம்

பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்த காலத்தில், எதிர்தரப்பு இருக்கும் இடத்தில் அல்லது தகராறு எழுந்த இடத்தில்தான் புகார் கொடுக்க முடியும். அப்படியானால் இவர் கோவைக்கு அலைய வேண்டியிருக்கும். 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் பிரிவு 34(2)(டி), புகார்தாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலும் புகார் கொடுக்கலாம் என்று சேர்த்தது. எல்லையோர மக்களுக்கு இந்தச் சட்டத்தில் கிடைத்த பெரிய மாற்றம் இதுவே என்பேன். பட்டறை தமிழ்நாட்டில் இருந்தாலும் பாலக்காட்டில் மனு நின்றது. இதற்கு ஒரு விலையும் உண்டு: நாளை உத்தரவை நிறைவேற்ற வேண்டி வந்தால், எதிர்தரப்பின் சொத்தும் கணக்கும் மாநில எல்லைக்கு அப்பால் இருக்கும். தொகை பெரிதாயிருந்தால் கோவையையே யோசித்திருக்கலாம்.

மனு இணையவழியில், முன்பு இ-தாக்கில் என்றும் 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்றும் அறியப்படும் தளத்தில் போடப்பட்டது. தமிழில் இருந்த ஜாப் கார்டு, ஆட்சேபக் குறிப்பு, குரல் செய்தியின் எழுத்து வடிவம் ஆகியவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்தோம். வாட்ஸ்அப் பதிவுகளுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றும் சேர்ந்தது. நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை இம்மி பிசகாமல் பின்பற்றுவதில்லை என்பது உண்மை. ஆனால் இல்லாத சான்றைப் பற்றிப் பின்னால் வாதாடுவதைவிட, முன்கூட்டியே ஒரு தாளைச் சேர்ப்பது எளிது.

பட்டறையின் பதில்

அறிவிப்பு கிடைத்த 30 நாளில், அதிகபட்சம் மேலும் 15 நாளில் எதிர்தரப்பு பதிலுரை தர வேண்டும். அந்த 45 நாளைத் தாண்டி நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்தது. பட்டறை கெடுவுக்குள்ளேயே வழக்கறிஞர் மூலம் பதிலுரை தந்தது. எல்லை அதிகாரம் பற்றிய ஆட்சேபம் பிரிவு 34-ஐக் காட்டியதும் முடிந்துபோனது.

அடுத்தது கனமானது. வண்டி மஞ்சள் பலகை மாட்டிய சரக்கு வாகனம், அதைப் பழுது பார்த்தது வணிக நோக்கத்துக்கான சேவை, ஆகவே இவர் நுகர்வோரே அல்லர் என்றார்கள். சுயதொழிலாகப் பிழைப்பு நடத்த வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்ற விளக்கம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பழைய சட்டத்தின் விளக்கத்தில் ‘பெற்ற சேவைகள்’ என்றும் இருந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தில் பொருட்கள் மட்டுமே குறிப்பிடப்படுகின்றன. எதிர்தரப்பு வழக்கறிஞர் இந்த இடைவெளியைச் சரியாகவே பிடித்தார். இதற்கு நாங்கள் காட்டியது லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த தீர்ப்பு. கோவையின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் எதிர்தரப்பாக இருந்த வழக்கு அது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்று அதில் எடுத்துக்காட்டுகளோடு சொல்லப்பட்டிருக்கிறது. பிழைப்புக்கான வண்டி நுகர்வோரின் பொருள் என்றால், அதை ஓடும் நிலையில் வைக்கும் ரிப்பேர் மட்டும் தனியே வணிகமாகிவிடாது என்பது எங்கள் வாதம். மச்சான் சில நாள் வண்டி ஓட்டுவார் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். ஓட்டுநர் உரிமம், ஒரே ஒரு வண்டிக்கான பதிவுச் சான்று, வேறு தொழில் இல்லை என்ற பிரமாணப் பத்திரம் ஆகியவை இந்தக் கேள்வியை முடித்தன. மூன்று வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுபவராக இருந்திருந்தால் மனு இங்கேயே விழுந்திருக்கும்.

பிறகு கிளச். தொலைபேசியில் சம்மதம் வாங்கினோம் என்று பட்டறை சொன்னது. எந்த நாள், எந்த எண், எவ்வளவு தொகை சொன்னார்கள் என்பது பதிலுரையில் இல்லை. அதோடு, கழற்றியபோது பிளேட் தேய்ந்திருந்ததைப் பார்த்தோம், வண்டிக்காரரின் நன்மைக்காகத்தான் மாற்றினோம் என்றும் எழுதியிருந்தது. இந்த வரியே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. ஹெட் கேஸ்கெட் வேலை எஞ்சினின் மேல்பக்கத்தில் முடிகிற வேலை: ஹெட்டைக் கழற்றி, லேத்தில் ஃபேசிங் செய்து, புது கேஸ்கெட் வைத்து, முறைப்படி போல்ட் இறுக்க வேண்டும். கிளச்சோ எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்காமல் பிளேட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. ஹெட் வேலைக்காக வந்த வண்டியில் கியர்பாக்ஸை யார் இறக்கச் சொன்னார்கள், ஏன் இறக்கினார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஜாப் கார்டில் கிளச் வழுக்குகிறது என்ற புகார் இல்லை. பழைய பிளேட்டும் இல்லை. பழைய பாகத்தைத் திருப்பித் தருவது பட்டறை வழக்கில் மரியாதைக்காகச் செய்வது என்று நினைக்கிறோம். சாட்சியமாகப் பார்த்தால், மாற்றினேன் என்பவரின் கையில் இருக்க வேண்டிய ஒரே நிரூபணம் அதுதான்.

சமரசத்துக்கு அனுப்பவும் ஆணையம் முன்வந்தது. பட்டறைக்காரர் ரூ.4,000 தருவதாகச் சொன்னார், இவர் ஏற்கவில்லை. அதில் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

ரேடியேட்டர்

வண்டி எடுத்த சில வாரத்தில் மீண்டும் வெப்பம் ஏறியது. கொழிஞ்சாம்பாறை மெக்கானிக் ஒருவர் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது என்று சொல்லி, வேறொன்றை மாட்டிக் கொடுத்தார்; பழையதை அவரே எடுத்துக்கொண்டார். பொள்ளாச்சிப் பட்டறைக்கு இவர் தகவல் சொல்லவில்லை, வண்டியைக் காட்டவும் இல்லை. உண்மையில் அடிப்படைப் பிழை பட்டறையுடையதாக இருந்திருக்க நியாயம் உண்டு: ரேடியேட்டர் அடைப்பால் எஞ்சின் கொதித்து, அதனால் கேஸ்கெட் போயிருக்கலாம், காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் சரி செய்தால் மீண்டும் கொதிக்கும். ஆனால் இதை ஆணையத்தின் முன் சொல்ல, கழற்றிய ரேடியேட்டரோ, அதைப் பார்த்த நிபுணரின் அறிக்கையோ வேண்டும். பழைய பாகத்தைப் பத்திரப்படுத்தி, நிபுணர் ஒருவரை நியமித்து அறிக்கை பெறுமாறு மனுப் போட்டிருக்கலாம். அந்த வாய்ப்பு ரேடியேட்டர் கைமாறியபோதே போய்விட்டது. மெக்கானிக்கின் இரண்டு வரிக் கடிதத்தை மட்டும் தாக்கல் செய்தோம். பிளேட்டைத் தொலைத்ததற்காகப் பட்டறையைக் குறை சொல்லும் அதே மனுவில், எங்கள் கையிலும் ரேடியேட்டர் இல்லை.

வருமான இழப்பும் இப்படியே. நாளொன்றுக்கு எத்தனை நடை, என்ன வாடகை என்பதற்கு அவரிடம் கணக்கு நோட்டு இல்லை. சந்தையில் எல்லாம் ரொக்கம்.

உத்தரவும் அதன் பிறகும்

சட்டம் சொல்லும் மூன்று மாதத்தைத் தாண்டியே உத்தரவு வந்தது. கேட்காமல் கிளச் மாற்றியதைச் சேவைக் குறைபாடாகவும், அச்சிட்ட விலைக்கு மேல் பம்ப்புக்கு வாங்கியதையும் எதெதற்கு என்று பிரித்துக் காட்டாமல் ‘மற்றவை’ போட்டதையும் முறையற்ற நடைமுறையாகவும் கருதிய ஆணையம், ரூ.11,720-ஐ மனு நாளிலிருந்து 9 சதவீத வட்டியோடு திருப்பித் தரவும், இழப்பீடாக ரூ.3,000, வழக்குச் செலவாக ரூ.2,500 கொடுக்கவும் சொன்னது. ரேடியேட்டரும் வருமான இழப்பும் நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளப்பட்டன. கிளச் புதிதாகத்தான் இருக்கிறது, அதன் பயனை இவர் அனுபவிக்கிறாரே என்ற பட்டறையின் வாதத்துக்கு உத்தரவு அதிக இடம் கொடுக்கவில்லை. என் பார்வையில் அந்த வாதத்தில் சிறிது நியாயம் இருந்தது. பாகத்தின் விலையில் ஒரு பங்கைக் கழித்திருந்தாலும் அதைத் தவறென்று சொல்லியிருக்க மாட்டேன்.

மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் உண்டு. எதிர்தரப்பு மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். பட்டறை அந்த வழிக்குப் போகாமல் ரூ.17,220-ஐ அனுப்பியது, வட்டியை விட்டுவிட்டது. ஓராண்டுக்கு ரூ.1,055 அளவுதான் என்றாலும் இவர் விடவில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்குப் பிரிவு 72-இன்படி ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, ரூ.25,000-க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பதைக் குறிப்பிட்டு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பியதும் வட்டியும் வந்தது.

ரேடியேட்டருக்காகத் திருவனந்தபுரத்தில் உள்ள மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாமா என்று அவர் கேட்டார். கையில் பாகமும் இல்லை, அறிக்கையும் இல்லை, தொகையோ ரூ.8,200, வேண்டாம் என்று சொன்னேன். 45 நாள் கழிந்தது, கோப்பு முடிந்தது.